'அக்கா, ஒரு நிமிஷம்': ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் குறுக்கீடுகளும் இரண்டு ஊழியர்களும்

கொங்கு வட்டாரத்து ஊர் ஒன்றில் உள்ள ஆடிட்டர் அலுவலகம் அது. பனியன் கம்பெனிகள், நூல் வியாபாரிகள், லாரி வைத்திருப்பவர்கள், ஹார்டுவேர் கடைக்காரர்கள் என்று வாடிக்கையாளர்கள். ஒரே கூடத்தில் எல்லா ஊழியர்களும் உட்கார்ந்திருப்பார்கள். ஆடிட்டருக்கு மட்டும் கண்ணாடி அறை. அங்கே வேலை பார்க்கும் இருவரைப் பற்றியது இந்த ஆய்வு. ஒருவர் மூத்த அக்கவுண்டன்ட். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மனநல மருத்துவர் ஒருவர் அவருக்கு ஏடிஎச்டி, அதாவது கவனத்தை ஒழுங்காக நிறுத்தி வைப்பதில் சிரமம் தரும் மூளை வளர்ச்சி சார்ந்த வேறுபாடு, இருப்பதை உறுதிசெய்தார். இன்னொருவர் பில்களைக் கணினியில் பதிவு செய்யும் இளைஞர். ஆட்டிசம் என்று சிறுவயதிலேயே தெரிந்தவர். அலுவலகத்தில் அவர்களை அக்கா, தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இருவரின் ஒப்புதலும் உண்டு. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளில் சிரமப்படுகிறவர்களுக்கு அவற்றைச் செய்ய வழி தேடித் தருபவர். என்னிடம் வந்தவர் அக்கா. அவர் கேட்ட கேள்வி தெளிவாக இருந்தது: "பகல்ல ஓடாத வேலை ராத்திரி எட்டு மணிக்கு மேல எப்படி ஓடுது?" அலுவலகத்தில் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. வேலை நன்றாகத் தெரியும், கவனம்தான் பத்தாது என்பார்கள். அவரும் பல வருடங்களாக அதையே நம்பியிருந்தார். எனக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை. கவனமே இல்லாதவர் என்றால் ஆளில்லாத கூடத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, பகலெல்லாம் சிக்கிக் கிடந்த கணக்கை முடித்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போகிறார்?

வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு விற்பனை விவரங்களைச் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி கெடு. 14ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி என்கிற பட்டியல் போர்ட்டலில் வந்துவிடும். 20ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான 3பி தாக்கலாக வேண்டும். சப்ளையர் தன் பக்கத்தில் ஏற்றி, 2பி-யில் தெரிகிற பில்லுக்குத்தான் இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுக்கலாம் என்று 2022 ஜனவரியிலிருந்து விதி இறுகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு கம்பெனிக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். 14க்கும் 20க்கும் நடுவே அக்காவின் தலையில் விழுவது இந்த வேலை.

ஒரு நாள் காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நூல் சப்ளையர் ஒருவரின் கணக்கு. டேலியில் வரித் தொகை 18,540, 2பி-யில் 18,450. வித்தியாசம் 90. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான சூத்திரம். அக்காவும் பார்த்தவுடன் அதைச் சொன்னார். ஆனால் உடனே திருத்தவில்லை. அதே சப்ளையருக்குப் போன மாதம் ஒரு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) இருந்தது. தாமதமாக ஏற்றிய பில் ஒன்றும் இந்த மாதப் பட்டியலில் வந்திருந்தது. இந்த 90 நிஜமாகவே இலக்கப் பிழையா, இல்லை அந்த இரண்டும் கலந்ததால் தற்செயலாக வந்த எண்ணா என்று பார்க்க வேண்டும். விரலைத் திரையில் வைத்தபடி, உதடு அசைய, நான்கு எண்களை மனதில் ஏந்திக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம். அந்த லாரிக்காரர் கம்பெனி பாஸ்வேர்ட் எதுல இருக்கு?"

கேட்டது ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிக்கிள்ஷிப் மாணவி. அக்கா முகம் திருப்பி, எந்த ஃபோல்டர் என்று சொன்னார். பத்து விநாடிகூட ஆகவில்லை. திரும்பியபோது விரல் அதே வரியில்தான் இருந்தது. ஆனால் கிரெடிட் நோட்டைக் கழித்தாயிற்றா இல்லையா என்பது போய்விட்டது. சில விநாடி திரையையே பார்த்தார். பிறகு சப்ளையரின் முதல் வரிக்குப் போனார். கோலத்தில் புள்ளிக் கணக்கு தப்பியவர்கள் முதல் புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்குவது போல. மூன்றாவது வரியில் போன் அடித்தது. அதை முடித்து வைத்த கை கீழே இறங்காமல் வாட்ஸாப்பைத் திறந்தது. ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய பில் போட்டோ. அது மங்கலாக இருந்ததால் வேறொன்று அனுப்பச் சொல்லி எழுதினார். எழுதியதும் இன்னொரு குழுவின் செய்தி கண்ணில் பட்டது. நூல் சப்ளையர் அன்று மதியம் வரை அப்படியே கிடந்தார்.

இதைப் பார்த்தவர்கள் வாட்ஸாப்பைத்தான் குற்றம் சொல்வார்கள். நானும் அக்காவும் சேர்ந்து குறித்துப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. குறுக்கீடு வரும்போதெல்லாம் யார், எதற்கு, அப்போது மனதில் என்ன இருந்தது என்று ஒரு தாளில் கிறுக்கச் சொல்லியிருந்தேன். மற்றவர் குறுக்கிட்ட கொஞ்ச நேரத்துக்குள்தான் அவர் தானாகவே கை நழுவி வேறெங்கோ போயிருந்தார். விட்ட இடம் மறந்த கணக்குக்குத் திரும்புவது கசப்பான வேலை. முதலிலிருந்து கட்ட வேண்டும், மறுபடி யாராவது கூப்பிடுவார்கள் என்ற பயமும் உண்டு. சுலபமாக முடிகிற ஒன்றைக் கை தேடிப் போய்விடுகிறது. இது ஏடிஎச்டி உள்ளவர்களிடம் தூக்கலாகத் தெரியும், ஆனால் அவர்களுக்கு மட்டுமானது இல்லை. லாரா டாபிஷ், குளோரியா மார்க், விக்டர் கொன்சாலெஸ் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அலுவலக ஊழியர்களைப் பற்றியது. ஒரு மணி நேரத்தில் வெளியிலிருந்து வந்த குறுக்கீடு கூடினால், அடுத்த மணி நேரத்தில் ஊழியர்கள் தங்களைத் தாங்களே குறுக்கிட்டுக்கொள்வதும் கூடியது என்று அவர்கள் கண்டார்கள்.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் எண் ஒன்று உண்டு: ஒரு குறுக்கீட்டுக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப 23 நிமிடம் ஆகும் என்பது. குளோரியா மார்க்கின் ஆய்வுகளை ஒட்டிப் பரவிய எண் அது. அந்த 23 நிமிடமும் ஆள் திகைத்து உட்கார்ந்திருந்தார் என்று பொருளில்லை. நடுவில் வேறு வேலைகளைப் பார்த்துவிட்டுப் பழைய வேலைக்கு வந்து சேர ஆன நேரம் அது. அக்காவின் விஷயத்தில் எனக்கு அதைவிட உதவியது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆல்ட்மனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட சோதனை. படிவரிசை மாறாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்து நடுவில் குறுக்கிட்டார்கள். குறுக்கீட்டின் சராசரி நீளம் வெறும் 2.8 விநாடி. வரிசை தப்புகிற பிழை அதற்கே இரண்டு மடங்கானது. 4.4 விநாடியில் மூன்று மடங்கு.

இத்தனைக்கும் இது பொதுவான கல்லூரி மாணவர்களிடம் கண்டது. ஏடிஎச்டியில் இதன் மேல் இன்னொரு பாரம் ஏறுகிறது. செய்துகொண்டிருக்கும் காரியத்தின் பகுதிகளை மனதில் ஏந்தி வைக்கும் திறன், அதாவது செயல்நினைவு, பலருக்கு அதில் பலவீனமாக இருக்கும். வெளியிலிருந்து வரும் தூண்டுதலால் எளிதில் திசை மாறுவது நோயறிதல் அளவுகோல்களிலேயே உள்ள அறிகுறி. அக்கா பத்து விநாடியில் இழந்தது பத்து விநாடியை மட்டும் இல்லை, நான்கு எண்களையும் அவற்றின் உறவையும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலை ஓடியதன் காரணம் இதுதான். அப்போது அவரிடம் புதிதாக ஏதும் வந்து சேரவில்லை. அவர் ஏந்தியிருந்ததை யாரும் தட்டிவிடவில்லை, அவ்வளவுதான்.

தம்பியின் கதை வேறு மாதிரி.

அவர் இடம் பிரிண்டருக்குப் போகும் வழியில். சத்தம் அவருக்குக் கஷ்டம்தான், ஆனால் என்ன நேரத்தில் என்ன சத்தம் வரும் என்பதை அவர் பழகி வைத்திருந்தார். தாங்க முடியாமல் போனது "அதை அப்படியே வெச்சுட்டு இதை எடு" என்பது. ஒரு கம்பெனியின் பில் கட்டில் பாதி பதிந்திருக்கும்போது வேறொரு கட்டு மேசையில் வந்து விழும். அவர் புதிய கட்டைப் பிரிப்பார், பதிவார், ஆனால் மனம் பழைய கட்டிலேயே இருக்கும். அன்று பதிந்ததில் பிழை வரும். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்த நாளில் மதியம் சாப்பிட எழுந்திருக்க மாட்டார், கேட்டால் பதிலும் வராது. அலுவலகம் இதை அடம் என்றது.

ஆட்டிசம் உள்ளவர்களே முன்னின்று வளர்த்தெடுத்த ஒரு விளக்கம் இங்கே பொருந்துகிறது. டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸர் மூவரும் 2005இல் எழுதிய கட்டுரையில் அதை மோனோட்ராபிசம் என்றார்கள். பலருக்குக் கவனம் ஒரே நேரத்தில் பல விஷயங்கள் மேல் பரந்திருக்கும். ஆட்டிசம் உள்ளவருக்கு அது சில விஷயங்கள் மேல் மட்டும் ஆழமாகக் குவிந்திருக்கும். அந்த ஆழத்திலிருந்து திடீரென்று பிடுங்கினால் வலிக்கிறது, வேறிடத்தில் ஊன்றவும் நேரம் எடுக்கிறது. அக்காவுக்கு அறுபடுவது நினைவின் சங்கிலி. தம்பிக்கு அறுபடுவது ஈடுபாடே. இரண்டையும் 'டிஸ்டர்பன்ஸ்' என்று ஒரே பெயரில் சொல்லி ஒரே மருந்து தேடினால் காரியம் கெடும். அலுவலகத்தில் முதலில் அதுதான் நடந்தது.

நான் வருவதற்கு முன்பே அக்காவுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் கூப்பிட்டது கேட்காது, ஆகவே தோளில் தட்டினார்கள். குரலைவிட அது மோசம், தூக்கிவாரிப் போடும். அடுத்து பழைய ஃபைல்கள் அடுக்கியிருந்த சின்ன அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனதோடு செய்த ஏற்பாடு, அவரும் சந்தோஷப்பட்டார். முதல் இரண்டு மூன்று நாள் வேலை பறந்தது. அப்புறம் ஒரு மதியம் முழுவதும், ரவுண்ட் ஆஃப் செய்ததில் வந்த சில்லறை வித்தியாசம் ஒன்றைத் துரத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விட்டுவிடக்கூடிய தொகை. வெளியே மூன்று கம்பெனிகளின் 3பி காத்துக்கிடந்தது. சாப்பாட்டு டப்பா திறக்கவே இல்லை. ஏடிஎச்டியில் கவனம் சிதறுவது பாதிதான். பிடித்துக்கொண்டால் விடாத மூழ்கலும் அதன் இன்னொரு பாதி. கூடத்தில் யாராவது "சாப்பிடலையாக்கா?" என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு குறுக்கீடு அவருக்கு வேண்டியிருந்தது, மூடிய அறையில் அது கிடைக்கவில்லை.

ஆகவே கதவு வேண்டாம் என்று முடிவாயிற்று. கூடத்திலேயே, கேட்கிற முறையை மாற்றிப் பார்த்தோம்.

முதல் மாற்றம் மிகச் சின்னது. யார் கூப்பிட்டாலும் அக்கா உடனே திரும்ப மாட்டார். இடது கையை லேசாக உயர்த்துவார், வலது கையால் பக்கத்தில் இருக்கும் அட்டையில் அரைவரி எழுதுவார். "கி.நோ. கழிச்சாச்சு, லேட் பில் பாக்கி." எழுதிவிட்டுத்தான் முகம் திரும்பும். கூப்பிட்டவர் அதுவரை நிற்க வேண்டும். இதற்குப் பின்னாலும் ஆய்வு இருக்கிறது: கிரெகரி ட்ராஃப்டனும் ஆல்ட்மனும் சகாக்களும் 2003இல் காட்டினார்கள், குறுக்கீடு வருகிறது என்று தெரிந்ததற்கும் அது தொடங்குவதற்கும் நடுவே சில விநாடி கிடைத்தால், விட்ட வேலையை மறுபடி பிடிப்பது விரைவாகிறது. ஆனால் அலுவலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தது ஆய்வு இல்லை. ஆர்ட்டிக்கிள்ஷிப் மாணவி ஒருநாள் பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, தானும் ஒரு அட்டை வாங்கி வந்து மேசையில் வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும்.

இரண்டாவது, கேள்வி நோட்டு. அவசரமில்லாதவற்றை அதில் எழுதி வைப்பது. காலை டீ நேரத்திலும் மாலை டீ நேரத்திலும் அக்கா எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பதில் சொல்வது. எது அவசரம் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்தோம், ஏனென்றால் கேட்கிறவருக்கு எல்லாமே அவசரம்தான். ஓடிபி காத்திருக்காது, வாடிக்கையாளர் போனில் இருக்க, போர்ட்டல் திறந்திருக்க, எண்ணை உடனே போட்டாக வேண்டும். அன்றைக்கே பதில் போக வேண்டிய நோட்டீஸும் அவசரம். மற்றதெல்லாம் நோட்டு. பாஸ்வேர்ட் கேள்விகள் இரண்டே நாளில் நின்றுபோயின. அவற்றை ஒரு இடத்தில் எழுதி, யாரிடம் இருக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். இத்தனை நாள் அக்காவே அலுவலகத்தின் ஞாபகசக்தியாக இருந்திருக்கிறார். செயல்நினைவில் சிரமம் உள்ளவர் மேல் ஊரார் ஞாபகத்தையும் ஏற்றி வைத்திருந்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

மூன்றாவது, ஒரு துணை. எதிர் மேசையில் இருக்கும் சீனியர் பெண்மணி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, பேசி வைத்த நேரத்தில் "என்ன கம்பெனி போய்க்கிட்டிருக்கு?" என்று கேட்பார். அவ்வளவுதான். மூழ்கிவிட்டிருந்தால் அந்தக் கேள்வியில் அக்கா மேலே வந்துவிடுவார். பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே வேலை ஓடுகிறது என்று ஏடிஎச்டி உள்ள பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்காவும் அதையே சொன்னார்.

இவ்வளவும் நடந்தபோது தம்பியின் நிலை மோசமானது. கேள்வி நோட்டுதான் காரணம். பில்லில் பொருளின் வகையைக் காட்டும் ஹெச்எஸ்என் குறியீடு தெளிவில்லை என்றால் அவர் அதுவரை நேராக அக்காவிடம் போவார். இப்போது டீ நேரம் வரை காத்திருக்க வேண்டும். பதில் வராத கேள்வி அவருக்கு முடியாத கட்டு; அது கிடக்கும்வரை அடுத்த பில் நகராது. ஒருவரைக் காக்கப் போட்ட விதி இன்னொருவருக்கு நாள் முழுக்க நீளும் குறுக்கீடாக மாறிவிட்டது. ஏடிஎச்டி, ஆட்டிசம் போன்ற நரம்பியல் வேறுபாடு உள்ள எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு என்று எழுதப்பட்ட வழிகாட்டிகளை நான் சந்தேகத்தோடு படிப்பதற்கு இது ஒரு காரணம்.

தம்பியிடமே என்ன செய்யலாம் என்று கேட்டோம். அவர் கேட்டது ஒரு ட்ரே. சந்தேகமுள்ள பில்லை, சந்தேகம் என்ன என்று எழுதிய சீட்டோடு அதில் போட்டுவிட்டால் அந்த பில் 'வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாயிற்று'. அடுத்ததற்குப் போகலாம். ட்ரேயை அக்காவுக்குப் பதில் வேறொரு சீனியர் பார்ப்பார். கூடவே காலையில் அன்றைய கட்டுகளின் வரிசை ஒரு தாளில் எழுதி அவர் மேசைக்கு வந்துவிடும். வரிசை மாற வேண்டுமென்றால் வாயால் சொல்லாமல் அந்தத் தாளில் அடித்து எழுத வேண்டும், கையில் இருக்கும் கட்டு முடிந்த பிறகே புதியது தொடங்கும். "இப்பவே" என்பதன் இடத்தில் "இந்தக் கட்டு முடிஞ்சதும்" வந்தது. அவர் மதியம் சாப்பிட எழுந்திருக்கிறாரா என்பதைத்தான் நான் அளவாக வைத்துக்கொண்டேன். பெரும்பாலான நாட்களில் எழுந்திருக்கிறார்.

ஆடிட்டர் நல்ல மனிதர், ஆனால் ஆரம்பத்தில் அவருக்குச் சமாதானமில்லை. "ஏனுங்க, தொந்தரவு எல்லாருக்கும்தானே வருது? இவங்களுக்கு மட்டும் தனிச் சலுகைன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" நியாயமான கேள்வி. அவரிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னேன். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்கும்போது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று விழுந்து 70 பேருக்கு மேல் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் விமானிகள் அரசியலையும் பழைய கார்களையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது பதிவில் இருந்தது. 1981இல் அங்கே ஒரு விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானி அறையில் பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ கூடாது. இன்னொன்று ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழு 2010இல் வெளியிட்டது. சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதைக் கவனித்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறும் மருந்துப் பிழையும் சுமார் 12 சதவீதம் கூடின. விமானியையும் செவிலியரையும் யாரும் கவனம் இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களைச் சுற்றி விதி போட்டார்கள். ஏடிஎச்டியும் ஆட்டிசமும் உள்ளவர்கள் அதே தாக்குதலை முதலில் உணர்கிறார்கள், அதிகமாக உணர்கிறார்கள்.

இன்னொரு ஆய்வையும் அவரிடம் சொன்னேன், அது என் வாதத்துக்கு எதிரானதுபோல் தெரியும் என்றாலும். குளோரியா மார்க்கும் வேறு இரு ஆய்வாளர்களும் 2008இல் 48 பேரிடம் செய்த சோதனையில், குறுக்கிடப்பட்டவர்கள் வேலையைத் தாமதமாக முடிக்கவில்லை. விரைவாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் நேர நெருக்கடி உணர்வும் கூடியிருந்தன. ஆட்கள் ஈடுகட்டிவிடுகிறார்கள், விலையைத் தங்கள் உடம்பிலிருந்து கொடுத்து. அக்காவும் இத்தனை வருடம் ரிட்டர்ன்களைக் கெடு தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்கு அவர் கொடுத்தது ராத்திரிகளை. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது.

இப்போது எப்படி இருக்கிறது? 14இலிருந்து 18 வரை நன்றாக இருக்கிறது. அக்கா பெரும்பாலும் மற்றவர்களோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். 19, 20 இரண்டு நாளும் எல்லா ஏற்பாடும் உடைந்துவிடுகிறது: போர்ட்டல் திணறும், வாடிக்கையாளர்கள் நேரில் வந்து நிற்பார்கள், நோட்டை யாரும் தொடுவதில்லை. அந்த இரண்டு நாளுக்கு எங்களிடம் வழி இல்லை. வேலையை முன்னால் தள்ளி, அந்த நாட்களுக்கு ஒப்பிடும் வேலை மிச்சம் வைக்காமல் பார்ப்பது மட்டும் நடக்கிறது.

தீராத இன்னொன்று ஆடிட்டரின் அழைப்பு. கண்ணாடி அறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து போவதுதான் நம் ஊர் அலுவலகங்களின் பழக்கம். முதலாளியிடம் கையை உயர்த்தி 'இருங்கள்' என்று காட்ட அக்காவால் முடியாது, நானும் வற்புறுத்த மாட்டேன். ஆடிட்டரிடம்தான் பேசினேன். அவர் இப்போது பல நேரம் இண்டர்காமில் "முடிஞ்சதும் வாம்மா" என்கிறார். மறந்து கூப்பிடும் நாட்களும் உண்டு.

சட்டம் இவர்களுக்கு எவ்வளவு உதவும் என்று அக்கா கேட்டார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு, ஏடிஎச்டி இல்லை. தம்பி சான்றிதழ் வாங்கலாம். அக்காவுக்கு ஏடிஎச்டி என்ற பெயரில் அந்த வழி இல்லை. நியாயமான வசதி ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்ற பிரிவும் அரசு நிறுவனங்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் தனியார் அலுவலகத்தில் எல்லாம் ஆடிட்டரின் மனதையும் சக ஊழியர்களின் பழக்கத்தையும் நம்பியே நிற்கிறது. நாளை வேறு அலுவலகத்துக்குப் போனால் அக்கா மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். இது சரியில்லை என்பதே என் கருத்து. ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

அடுத்து வருவது வருமான வரித் தணிக்கைக் காலம், செப்டம்பர் 30 கெடு. அந்த மாதங்களில் புதிய ஆர்ட்டிக்கிள்ஷிப் மாணவர்களும் சேர்வார்கள், நோட்டும் ட்ரேயும் அவர்களுக்குத் தெரியாது. முதல் நாளே அவர்களிடம் இதைச் சொல்லும் பொறுப்பை பழைய மாணவி எடுத்துக்கொண்டிருக்கிறார். வாடிக்கையாளர்களின் ஓடிபி வருகிற அலுவலக போன்களைத் தன் மேசையிலிருந்து மாற்றச் சொல்லி அக்கா கேட்டிருக்கிறார். தம்பி கேட்டிருப்பது இரண்டாவது ட்ரே.